ஜெலட்டின் பெட்டிக்குள் தவில்

தாமோதரனுக்கு வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். மைசூர் மைன்ஸ் எலெக்ட்ரிக் ஷாப்பில் அவன் முறுக்கிய ஒயரை இன்னொருத்தன் இழுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாயை முறுக்கி வைக்க இன்னும் யாரும் ஒரு ஸ்குருடிரைவர் செய்யவில்லை. செய்திருந்தால், அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் தொழிலாளர் லைன் குழாயடியில் பத்துக் குடத்துக்கும் பத்துப் பெண்களுக்கும் நடுவே நின்றுகொண்டு இப்படிச் சொல்லியிருப்பானா?

"சனிக்கிழமைக்குள்ள எங்க மாமா பாட்டு கேப்பாரு. கேக்கலைன்னா ஒரு பக்க மீசையை எடுத்துட்டு ஷிப்டுக்குப் போறேன், பாத்துக்கோங்க!"

பக்கத்து வீட்டு ரத்தினம்மா குடத்தை இடுப்பில் ஏற்றியவள் அப்படியே நின்றாள். "எந்த மாமா? உன் பொண்டாட்டியைப் பெத்த முனியப்பன் மாமாவா? அய்யே, அவருக்கு இடி வுழுந்தாலே கேக்காதே! எந்தப் பக்க மீசைன்னு இப்பவே சொல்லிடு, நாங்க வந்து நிக்கிறோம்."

குழாயடி முழுக்கச் சிரிப்பு. தாமோதரனும் சிரித்தான். வீட்டுக்குத் திரும்பி நடந்தபோதுதான் சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினான்.

முனியப்பன் இருபத்தெட்டு வருஷம் பூமிக்கடியில் டிரில்லிங் மெஷினைத் தோளில் சாய்த்துப் பாறையைக் குடைந்தவர். மெஷின் பாறையைக் குடைந்ததோடு விடாமல் அவர் காதையும் குடைந்துவிட்டது. முதலில் பறவைச் சத்தம் போனது, அப்புறம் பெண்கள் குரல், கடைசியில் ஷிப்டு சங்குகூடப் போய்விட்டது. ஒரு காலத்தில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பஜனை கோஷ்டியில் டோலக் வாசித்த மனுஷன் அவர். அந்த டோலக் இப்போது தோல் கிழிந்து ஆணியில் தொங்குகிறது.

ஆனாலும் வீட்டில் அவரோடு பேச ஒரு வழி வைத்திருந்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டில், ஆள் ஏறும் கூண்டான கேஜை ஏற்ற இறக்க மணி அடிப்பார்களே, அந்த மாதிரி. தரையில் கடப்பைக் கல். காலால் ஓங்கி மிதித்தால் கல் சொல்லிவிடும். ஒரு மிதி என்றால் இப்படித் திரும்பு. மூன்று மிதி என்றால் வாசலில் ஆள் வந்திருக்கிறது. இரண்டு மிதி என்றால் இன்னும் வேண்டும். சாப்பிடும்போது முனியப்பன் தட்டைப் பார்த்துக்கொண்டே கால் மாற்றி இரண்டு மிதி வைப்பார், மகள் குணசுந்தரி இன்னொரு களி உருண்டையைக் கொண்டு வருவாள். கொஞ்ச நாளாக அந்த இரண்டு மிதி விழுவதே இல்லை. போட்டதைத் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறார்.

காரணம் ஒரு சிரிப்பு. போன வாரம் ரேடியோவில் ஏதோ வேடிக்கை நாடகம். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு முனியப்பனும் சிரித்தார், எல்லாரும் முடித்த பிறகு. ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்த அந்த இடத்தில் அவர் சிரிப்பு தனியாகக் கேட்டது. எல்லாரும் தன்னைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். மறுநாள் தகரப் பெட்டியை இறக்கி வேட்டி, சட்டைகளை மடித்து வைக்க ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழமை காலைல பாசஞ்சருல ஊருக்குப் போறேன்," என்றார். தன் குரல் தனக்குக் கேட்காததால் எப்போதும் கத்தலாகத்தான் வரும். "வாணியம்பாடில தம்பி வூடு கீது. எனுக்கு இங்க இருந்தாலும் ஒண்ணுதான், அங்க இருந்தாலும் ஒண்ணுதான். நீங்க சிரிக்கிறப்ப உங்க மூஞ்சியப் பாத்துக்கினு எத்தினி நாளு உக்காந்திருக்கறது?"

குணசுந்தரி அன்றைக்கெல்லாம் அழுதாள். தாயில்லாத பெண். இவரே சோறாக்கி, இவரே தலை பின்னி வளர்த்தவர். "நைனா இல்லாத வூட்ல நான் இருக்க மாட்டேன், நானும் போறேன்," என்றாள். போக மாட்டாள் என்று தாமோதரனுக்குத் தெரியும். ஆனால் அவள் அழுவதைப் பார்க்க அவனால் ஆகவில்லை. அந்த வேகத்தில்தான் குழாயடியில் மீசையைப் பணயம் வைத்தான்.

வெறும் வாய்ச்சொல் என்று நினைத்துவிட வேண்டாம். அவனிடம் இரண்டு ஸ்பீக்கர் இருந்தது. மெக்கானிக் ஷாப் டேவிட், குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறுமுன், ஓடாத தன் காரைப் பழைய இரும்புக் கடையில் உடைக்கக் கொடுத்தான். கொடுக்கும் முன்னே முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இருந்த ஸ்பீக்கர்களைக் கழற்றி, ஒரு ரெக்கார்ட் பிளேயரையும் சேர்த்து, "உனக்குத்தான் மச்சான் இந்தப் பைத்தியம்," என்று தாமோதரன் கையில் திணித்துவிட்டுப் போனான். முட்டையை மேலிருந்து அமுக்கின மாதிரி நீள்வட்டமான ஸ்பீக்கர்கள். அதற்கென்று நாலு மாதம் உட்கார்ந்து, டிரான்சிஸ்டர் வைத்து, இடது தனி வலது தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டியிருந்தான். கார் ஸ்பீக்கர் கரண்டை மடக்மடக்கென்று குடிக்கும், டிரான்சிஸ்டர் அடுப்பாகக் கொதிக்கும். சூடு இறங்க ஓர் அலுமினியத் தகடு வேண்டும். இட்லிப் பானை மூடி காணாமல் போனதற்கு அதுதான் காரணம். குணசுந்தரி அதை இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை முதல் வெள்ளோட்டம். ஸ்பீக்கர் இரண்டையும் அப்படியே அலமாரித் தட்டில் சாய்த்து வைத்தான். ஆண்டர்சன்பேட்டை சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கிய தவில் இசைத்தட்டைப் போட்டான். அதில் ஒரு பக்கம் முழுக்கத் தவில் மட்டும்தான். ஊசி இறங்கியது.

தகர டப்பாவில் கடுகு வெடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். முனியப்பன் தலையைத் திருப்பக்கூட இல்லை. தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரத்தினம்மாவின் குரல் வந்தது. "இன்னாடி குணா, கொசு ஏதாச்சும் பாடுதா?"

தாமோதரன் ராத்திரி முழுக்க யோசித்தான். இதே ஸ்பீக்கர் டேவிட் காரில் எப்படி அதிர்ந்தது? அது ஓடின காலத்தில் ஊரிகம் ஸ்டேஷனுக்குப் போகும்போது சீட்டு வழியாக முதுகில் குத்துமே! காலையில் பல் விளக்கும்போது புத்தியில் பட்டது. காரில் அது தகரத்துக்குப் பின்னால், மூடின இடத்தில் உட்கார்ந்திருந்தது. முன்னால் தள்ளுகிற காற்று பின்னால் சுற்றி வர வழி கிடையாது. இங்கே அம்மணமாகத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் தள்ளியதைப் பின்னால் அதுவே விழுங்கிவிடுகிறது.

பெட்டி வேண்டும். நல்ல கெட்டிப் பலகைப் பெட்டி. மைன்ஸ் லைனில் அதற்குப் பஞ்சமா? சுரங்கத்துக்கு ஜெலட்டின் வெடி வந்து இறங்கும் மரப்பெட்டிகள் காலியானதும் வீடுகளுக்கு வந்துவிடும். முக்காலி அதுதான், அரிசிப் பெட்டி அதுதான், தொட்டிலுக்குக்கூட அதே பலகைதான். இவன் வீட்டிலும் இரண்டு இருந்தன. ஒன்றில் கேழ்வரகு, இன்னொன்றில் குணசுந்தரியின் கல்யாணப் புடவைகள்.

"தொட்டீங்கன்னா கையை ஒடச்சிடுவேன்," என்றாள் குணசுந்தரி.

"உங்க நைனா போகணுமா, இருக்கணுமா?"

அவள் புடவைகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். கேழ்வரகைக் குண்டானில் கொட்டினாள். "இதுலயும் ஒண்ணும் ஆவலைன்னு வெச்சிக்கோங்க, ரெண்டையும் வெந்நீர் அடுப்புல வெச்சிடுவேன்," என்றாள். "அப்புறம், என் இட்லிப் பானை மூடி எங்க?"

அந்தக் கேள்வி அவன் காதில் விழவே இல்லை.

நீள்வட்டமாக ஓட்டை அறுத்து, ஸ்பீக்கரைத் திருகி, மூடியில் ஆணி அடித்து, இடுக்கெல்லாம் கிழிந்த லுங்கியைத் திணித்து முடிக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. ஊசியை வைத்தான். கொசு செத்துவிட்டது, ஆனால் தவிலும் பிறக்கவில்லை. வலது கைச் சத்தம் பட்பட்டென்று சுத்தமாகக் கேட்டது. இடது பக்கத்துத் தொம்மென்ற அடி மட்டும் எங்கேயோ தண்ணீருக்கடியில் கிடந்தது. ஒரு பெட்டியின் ஒயரைப் பிடுங்கினால் தொம் கொஞ்சம் வந்தது. இரண்டையும் சேர்த்தால் போய்விட்டது. ஒன்று இருந்தால் வருகிறது, இரண்டு சேர்ந்தால் போகிறது! தாமோதரனுக்கு அழுகையே வந்தது.

முனியப்பன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "வுடு மாப்ளே," என்று கத்தினார். "எனுக்கு ஒண்ணும் வருத்தமில்ல. நாளன்னைக்கு ஸ்டேசனுக்குப் பெட்டியத் தூக்கிக்கினு வா, அது போதும்."

அதைக் கேட்டு குணசுந்தரி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

சனிக்கிழமை தாமோதரனுக்குக் காலை ஷிப்டு. ஆம்ப்ளிஃபயர் மேல்தான் சந்தேகம். மத்தியானம் வந்ததும் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பெட்டிகளை மல்லாத்தி வைத்திருந்தான். பக்கத்தில் குணசுந்தரி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நாலு தானிய மணிகள் பறந்து இரண்டு ஸ்பீக்கர்களின் காகிதக் கூம்பிலும் விழுந்தன. ஒயர் நல்லதா என்று பார்க்க, தாமோதரன் டார்ச் பேட்டரி ஒன்றை ஒயர் முனைகளில் தொட்டான். ஒரு ஸ்பீக்கர் டக்கென்றது. அடுத்ததையும் அதே மாதிரி தொட்டான். அதுவும் டக்கென்றது.

"இதுல கேவுரு மேல எகிறிச்சு," என்றாள் குணசுந்தரி. "அதுல உள்ள இறங்கிடுச்சே, ஏன்?"

"இன்னா?"

"கண்ணு எங்க கீது உங்களுக்கு? மறுபடி தொடுங்க."

தொட்டான். ஒன்று கேழ்வரகை மேலே தூக்கிப் போட்டது. மற்றது உள்ளே இழுத்துக்கொண்டது.

"ரெண்டு பேரு சேந்து ஒரு உரல்ல குத்தறப்ப உலக்கை மாத்தி மாத்தித்தான் இறங்கணும்," என்றாள் அவள். "ஆனா இது உரல் இல்லியே. ஒருத்தன் காத்தைத் தள்றான், ஒருத்தன் உறிஞ்சறான். அப்புறம் எங்கருந்து வரும் சத்தம்?"

தாமோதரன் வாயைப் பிளந்தான். பத்து வருஷமாக மோட்டாருக்கு ஒயர் கொடுக்கிறவன்! ஒரு ஸ்பீக்கரில் ப்ளஸ் முனை எது என்று காட்ட டேவிட் சிவப்புப் பொட்டு வைத்திருந்தான், இன்னொன்றில் பொட்டு எப்போதோ அழிந்துபோயிருந்தது. இவன் குத்துமதிப்பாகக் கொடுத்த ஒயர் தலைகீழாகப் போயிருக்கிறது. அதை இரண்டே நிமிஷத்தில் மாற்றி முடுக்கிவிட்டு, பிரித்துப் போட்ட ஆம்ப்ளிஃபயரைப் பூட்டினான். முனியப்பனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, பெட்டியில் முதுகு சாய்த்துத் தரையில் உட்கார வைத்தான். அவர் ஞாயிற்றுக்கிழமை ரயிலை நினைத்துக்கொண்டு, போகிற நேரத்தில் இவன் மனசை நோகடிப்பானேன் என்று உட்கார்ந்தார்.

இந்த இடத்தில்தான் அந்த நீள வாய் மறுபடி புறப்பட்டது. குழாயடியில் சாயங்காலத் தண்ணீர் வந்துவிட்டது, பெண்கள் கூடியிருக்கிறார்கள். "அங்க வரைக்கும் கேக்குதா பாக்கறேன். நான் கை காட்ற வரைக்கும் சவுண்டுக் குமிழைத் திருப்பிக்கினே இரு," என்று சொல்லி, தட்டைப் போட்டுவிட்டு வெளியே போனான். போனவன் கை காட்டினானா? குழாயடியில் யாரோ மீசையைப் பற்றிக் கேட்டார்கள், பதில் சொல்ல நின்றுவிட்டான். உள்ளே குணசுந்தரி சொன்ன சொல் தவறாமல் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தாள், அது முட்டி நிற்கும்வரை.

பெட்டிகள் தட்டிச் சுவரை ஒட்டி நின்றன. அந்தச் சுவரின் மறுபக்கத்தில்தான் ரத்தினம்மாவின் பாத்திரப் பலகை. தவில் முதல் தொம்மை இறக்கியதும் ஒரு பித்தளைக் குடம் உருண்டது. இரண்டாவது தொம்முக்கு அடுக்கு மொத்தமும் சரிந்தது. கூரைத் தகடு நடுங்கியது.

"ஏர் பிளாஸ்ட்!" என்று அலறிக்கொண்டு ரத்தினம்மா வெளியே பாய்ந்தாள்.

அந்த வார்த்தை போதும். பூமிக்கடியில், மைல் கணக்கான ஆழத்தில், பாரம் தாங்காமல் பாறை தானாக வெடித்துச் சரிவதற்கு அந்த ஊரில் அதுதான் பெயர். மேலே வீட்டில் பாத்திரம் ஆடினால், கீழே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று லைனே ஷாஃப்டுக்கு ஓடும். அதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. குடங்கள் குழாயடியில் உருண்டன. அடுப்பில் பால் பொங்கியது. வாயில் வெற்றிலையோடு ஒருத்தி, தலை பாதி பின்னியபடி ஒருத்தி என்று தெருவே ஓடியது. அதில் யார் முன்னால்? நம் தாமோதரன்தான்! தான் கட்டிய ஸ்பீக்கர், தான் போட்ட தட்டு, எதுவும் ஞாபகமில்லை. "ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்திக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

ஷாஃப்ட் வாசலில் எல்லாம் அமைதியாக இருந்தது. உயரத்தில் கேஜை இழுக்கும் சக்கரம் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கேஜுக்கு மணி அடிக்கிற ஏனோக் காக்கி அரைக்கைச் சட்டையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓடி வந்த கூட்டத்தைப் பார்த்து டீயைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா? இன்னா ஆச்சு?"

"என் வூட்டுக்காரரு அறுவதாவது லெவல்ல கீறாருங்க," என்றாள் ரத்தினம்மா. அவளுக்கு மூச்சு வரவில்லை. "கேஜ் மேல வருதா? யாருக்கு அடி?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லியே. கீழருந்து போனு வரல, மணி வரல. இப்பத்தான் பேசினேன், எல்லாம் வேலை செஞ்சிக்கினு கீறாங்க. உங்களுக்கு எங்கருந்து அதிர்ந்துச்சு?"

"எங்க வூட்டுச் செவுத்துல..." என்று ஆரம்பித்த ரத்தினம்மா நிறுத்தினாள். அவள் கழுத்து மெதுவாகத் திரும்பியது. கூட்டத்தின் கழுத்தெல்லாம் கூடவே திரும்பியது. தாமோதரனின் கை தானாகப் போய் மீசையை மூடிக்கொண்டது.

ரத்தினம்மா திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். புருஷன் பத்திரமாக இருக்கிறான் என்ற சந்தோஷமும் ஓடி வந்த பயமும் சேர்ந்து கொட்டியது. தாமோதரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. விளையாட்டாகக்கூட இதைச் செய்திருக்கக் கூடாது என்று நினைத்தான். "அக்கா, மன்னிச்சிக்கோ," என்றான்.

"வூட்டுக்கு வா, உன்ன வெச்சிக்கிறேன்," என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கூட்டம் முழுக்க அவன் பின்னால் வந்தது. மீசையை எடுக்க பிளேடு யார் வீட்டில் இருக்கிறது என்றுகூட ஒருத்தி விசாரித்தாள்.

வாசலில் குணசுந்தரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே தவில் இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது.

"நானும் ஏர் பிளாஸ்ட்னுதான் நெனச்சேன்," என்றாள். "பாத்திரமெல்லாம் வுழுது, நீங்கல்லாம் கத்தறீங்க. வெளிய வா நைனான்னு கையைப் புடிச்சி இழுத்தேன். வரமாட்டேன்னுட்டாரு. உள்ள வந்து பாருங்க."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். முனியப்பன் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். முதுகு ஜெலட்டின் பெட்டியில் அழுந்தியிருந்தது, கண் மூடியிருந்தது. வலது கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. தவில் தொம் என்கிற இடத்தில் அவர் கையும் விழுந்தது. ஒரு தட்டுகூடத் தவறவில்லை.

தாமோதரன் தரையில் ஒரு மிதி மிதித்தான். அவர் கண்ணைத் திறந்தார்.

"இன்னா, எல்லாரும் வேர்த்துக்கினு நிக்கிறீங்க?"

குணசுந்தரி கையை விரித்து, தரை ஆடுகிற மாதிரி ஆட்டி, ஷாஃப்ட் பக்கம் காட்டினாள். முனியப்பனுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் கண் விரிந்தது.

"ஏர் பிளாஸ்ட்டா? இதுவா? அடப் பாவிங்களா! இருவத்தெட்டு வருசம் காலாலயே ஏர் பிளாஸ்ட் கேட்டவன் நானு. எந்த ஊர்லடி அது ஆதி தாளத்துல வருது?"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்து, வயிறு குலுங்க, வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். ஊர் ஜனம் ஒரு நொடி அப்படியே நின்றது, அப்புறம்தான் சிரிக்க ஆரம்பித்தது. இந்தத் தடவை முதலில் சிரித்தது அவர். அது குணசுந்தரிக்கு மட்டும் தெரிந்தது. அவள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் தாமோதரன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மீசை பொழச்சிப் போகட்டும்," என்றாள் ரத்தினம்மா. "ஆனா என் குடத்துல வுழுந்த சொட்டையை நீதான் தட்டிக் குடுக்கணும்."

"தட்டித் தரேங்க்கா. இட்லிப் பானை மூடியும் ஒண்ணு பாக்கி கீது."

"அதானே பாத்தேன்!" என்று குணசுந்தரி திரும்பினாள். அதற்குள் தட்டு ஒரு பக்கம் முடிந்து, ஊசி நடுவில் போய் நின்றது. வீடு அமைதியானது. அந்த அமைதி முனியப்பன் முதுகுக்கும் தெரிந்துவிட்டது. பெட்டியைத் திரும்பிப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

பிறகு காலைத் தூக்கிக் கடப்பைக் கல்லில் ஓங்கி இரண்டு மிதி மிதித்தார்.

குணசுந்தரி ஊசியை எடுத்து மறுபடி முதலில் வைத்தாள். வைத்துவிட்டு, வாசலோரம் ரயிலுக்குத் தயாராக நின்ற தகரப் பெட்டியைக் காலால் தள்ளிக் கட்டிலுக்கு அடியில் விட்டாள்.